கணவாய் இறங்கிய வாணம்

தீபாவளி ராக்கெட் ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். மருந்து அடைத்த குழல் ஒரு விரல் நீளம்தான் இருக்கும். அதில் கட்டிய குச்சியோ நாலைந்து மடங்கு நீளம். குச்சி இல்லாவிட்டால் வாணம் வானத்துக்குப் போகாது, தெருவிலேயே தாறுமாறாகச் சுழலும். பின்னால் நீளும் அந்தக் குச்சிதான் குழலின் முகத்தைத் திசைமாறாமல் பிடித்துவைக்கிறது. இருநூறு வருடங்களுக்கும் முன்னால் மைசூர் மலையிலிருந்து கோயம்புத்தூர்ச் சீமைக்குள் இறங்கிவந்த போர் வாணத்திலும் இதே ஏற்பாடுதான்: இரும்புக் குழல், மூங்கில் கழி. அது பிறகு லண்டனுக்குப் போனது, கோபன்ஹேகனை எரித்தது, அமெரிக்கத் தேசிய கீதத்துக்குள்ளும் நுழைந்தது. போகிற வழியில் அதன் பெயர் மாறியது, சொந்தக்காரரும் மாறினார். அது வளர்ந்த வீட்டின் சண்டையில் கொங்குநாடு கொடுத்த விலை மட்டும் அந்தக் கதையில் சேரவே இல்லை.

பிறப்பு சீனாவில், அதுவும் தற்செயலாக. சாகாமல் இருக்க மருந்து தேடிய சீன ரசவாதிகள் 9ஆம் நூற்றாண்டில் வெடியுப்பையும் கந்தகத்தையும் கரியையும் கலந்து பார்த்ததில் கிடைத்தது வெடிமருந்து. அதைக் குழலில் அடைத்துப் பறக்கவிடும் வித்தை 13ஆம் நூற்றாண்டுக்குள் கைவந்துவிட்டது. மங்கோலியப் படைகள் போன இடமெல்லாம் வெடிமருந்து அறிவும் கூடவே போனது. 1280 வாக்கில் சிரியாவில் ஹசன் அல்-ரம்மா என்பவர் வெடியுப்பைச் சுத்தம் செய்வது முதல் வாணம் கட்டுவது வரை எழுதிவைத்தார். 1443இல் விஜயநகரம் வந்த பாரசீகத் தூதர் அப்துர் ரசாக், அங்கே மகாநவமி விழாவில் வாணவேடிக்கை பார்த்தார்.

ஐரோப்பாவிலும் வாணம் இருந்தது. ஆனால் அங்கே அது காகிதக் குழலில் அடைத்து அரச வீட்டுக் கல்யாணங்களுக்கு விடும் வேடிக்கைப் பொருளாகிவிட்டது. பீரங்கி வார்ப்பு தேறியபின் குறி தவறும் வாணத்தைப் போருக்கு யாரும் தேடவில்லை. தக்காணத்திலும் தென்னாட்டிலும் மட்டும் சிப்பாய்கள் அதைக் கைவிடவில்லை. பீரங்கியை இழுக்க மாடுகள் வேண்டும், பாதை வேண்டும். வாணத்துக்கு முதுகில் சுமக்க ஒரு ஆள் போதும். குதிரைப்படைக்கு எதிராக அது குறி தப்பினாலும் வேலை செய்தது. சீறிக்கொண்டு வரும் நெருப்பைக் கண்டால் குதிரை நிற்காது, மாடும் நிற்காது.

மைசூர் செய்த பெரிய மாற்றம் குழலில். காகிதத்துக்கும் மூங்கிலுக்கும் பதிலாக, அடித்துத் தட்டிய இரும்புத் தகட்டைச் சுருட்டிக் குழலாக்கினார்கள். ஏறக்குறைய ஒரு சாண் நீளம். ஒரு முனை அடைப்பு, மறுமுனையில் புகை வெளியேற ஒரு துளை. காகிதக் குழல் கிழிந்துவிடும் அழுத்தத்தை இரும்பு தாங்கும். அதனால் மருந்தை இறுக்கி அடைக்கலாம், வாணம் தூரம் போகும். நாலடி மூங்கில் கழியிலோ, சிலவற்றில் வாள் அலகிலோ தோல்வாரால் கட்டினார்கள். வாள் கட்டிய வாணம் விழுகிற இடத்தில் தலைகுப்புறச் சுழன்று கூட்டத்தை அறுத்துக்கொண்டு போகும்.

இந்தச் சரக்குகள் எதுவும் கொங்குக்குப் புதிதல்ல. சென்னிமலைக்குப் பக்கத்தில் நொய்யல் கரையில் கொடுமணலைத் தோண்டியபோது, இரண்டாயிரம் வருடங்களுக்கும் முந்தைய இரும்பு உருக்கு உலைகள் வெளிப்பட்டன. சேலம் கஞ்சமலையின் இரும்புத்தாது ஊரறிந்தது. வெடியுப்பும் இந்த மண்ணிலேயே பூத்தது. வெயில் காலத்தில் ஊர்ப்புறங்களில் உவர்மண்ணைச் சுரண்டி, தண்ணீர் ஊற்றி வடித்து, அந்தத் தண்ணீரைக் காய்ச்சி உப்பும் வெடியுப்பும் எடுப்பது கோயம்புத்தூர்ச் சீமையின் பழைய தொழில். மாட்டுத் தொழுவத்து மண்ணிலிருந்தும் பழைய குடியிருப்பு மேட்டு மண்ணிலிருந்தும் கிடைத்த வெள்ளைப் பொடி, பேரரசுகள் போட்டிபோட்ட சரக்கு என்பதை நினைத்தாலே வியப்பாக இருக்கிறது.

ஆனால் இரும்பும் உப்பும் இருந்தால் மட்டும் வாணப்படை வந்துவிடாது. அதை நம்பிப் பணம் போட ஒரு அரசு வேண்டும். அந்த அரசு பிறந்த கதை உடன்பிறந்தவர்களின் பகையில் தொடங்குகிறது. அதன் முதல் காட்சிகளில் ஒன்று சத்தியமங்கலத்தில் நடக்கிறது.

1750களில் மைசூரில் உடையார் வம்சத்து அரசர் பெயருக்குத்தான் அரசர். ஆண்டவர்கள் தேவராஜர், நஞ்சராஜர் என்ற சகோதரர்கள். இளைய அரசர் சொந்தக் கையோங்கப் பார்த்தபோது தம்பி நஞ்சராஜர் அரண்மனையையே தாக்கினார்; அரசரின் ஆட்களுக்கு மூக்கும் காதும் அறுபட்டன. அண்ணன் தேவராஜருக்கு அது பொறுக்கவில்லை. 1757இல் தன் படையையும் செல்வத்தையும் கூட்டிக்கொண்டு மலையிறங்கிச் சத்தியமங்கலத்தில் வந்து உட்கார்ந்துவிட்டார். கொங்கு அப்போது மைசூருக்கு வரி கட்டும் நாடு. இந்தப் பக்கத்தில் வேறொருவருக்கு எழுதிக்கொடுத்திருந்த வருவாயை தேவராஜர் தன் செலவுக்கு இழுத்துக்கொண்டார். அந்த வேறொருவர்தான் ஹைதர் அலி. குடியானவன் பக்கமிருந்து பார்த்தால், மேலே யாரோ கோபித்துக்கொண்டதற்கு இங்கே வரி வாங்கும் கை மாறியது.

ஹைதர் வாணக்காரர் வீட்டுப் பிள்ளை. அவர் தந்தை ஃபத்தே முகம்மது ஆற்காட்டு நவாபிடம் 50 வாணக்காரர்களுக்குத் தலைவராக இருந்தவர். 1758இல் சகோதரர்களை ராசிபண்ணி, தேவராஜரைச் சத்தியமங்கலத்திலிருந்து தலைநகர் ஸ்ரீரங்கப்பட்டணம் அழைத்துப்போனதில் ஹைதருக்குப் பெரும் பங்கு உண்டு. போய்ச் சேர்ந்த சில நாட்களிலேயே தேவராஜர் இறந்தார். சம்பள பாக்கிக்காகக் கலகம் செய்த படையைச் சமாளித்ததும் ஹைதர்தான். கொஞ்ச காலத்தில் நஞ்சராஜரும் ஒதுக்கப்பட்டார்.

பிறகு நடந்ததை ஒரு நாடகமாகவே போடலாம். ஹைதரிடம் கணக்கு எழுதி உயர்ந்த கண்டேராவ், அரண்மனையோடு சேர்ந்துகொண்டு எஜமானையே கவிழ்க்கத் திட்டம் போட்டார். ஹைதரின் நல்ல படைகள் அப்போது தமிழ்நாட்டில், பிரெஞ்சுக்காரர்களுக்கு உதவப் போயிருந்தன. 1760 ஆகஸ்டில் ஒருநாள் காலை, ஸ்ரீரங்கப்பட்டணக் கோட்டைக்கு வெளியே தங்கியிருந்த ஹைதர் மீது கோட்டைப் பீரங்கிகளே சுட்டன. கண்டேராவ் எங்கே என்று ஆள் அனுப்பியபோதுதான், சுடச் சொன்னதே கண்டேராவ் என்று அவருக்குத் தெரிந்தது. அன்று இரவு குடும்பத்தை அங்கேயே விட்டுவிட்டு, ஒரு சில குதிரைக்காரர்களோடு ஆற்றைக் கடந்து ஆனேக்கல் வழியாகப் பெங்களூருக்கு ஓடினார். விட்டுப்போன குடும்பத்தில் ஒன்பது வயதுப் பையன் ஒருவன் இருந்தான். பெயர் திப்பு.

உதவிக்குத் திரும்பிய படை கிருஷ்ணகிரிப் பக்கத்து அஞ்செட்டியில் மராட்டியரிடம் மாட்டிக்கொண்டது. பாராமகால் சீமையையும் பணத்தையும் தருவதாகச் சொல்லி ஹைதர் அதை மீட்டார். 1761இல் நஞ்சன்கூட்டில் தோற்றார். பிறகு தான் ஒதுக்கிவைத்த நஞ்சராஜரின் காலில் போய் விழுந்தார். கண்டேராவின் தளபதிகள் துரோகம் செய்யத் தயார் என்பதுபோலப் போலிக் கடிதங்கள் எழுதி, அவை கண்டேராவ் கையிலேயே சிக்கும்படி செய்தார். கண்டேராவ் பயந்து படையை விட்டே ஓடினார். ஹைதர் வென்றார், கணவாய்க்குக் கீழே இருந்த கோட்டைகளையும் தன் வசமாக்கினார். கண்டேராவைக் கொல்லாமல் கிளிபோல வளர்ப்பதாக அரண்மனைப் பெண்களுக்கு வாக்குக் கொடுத்தவர், அவரைக் கூண்டில் அடைத்து, பாலும் சோறும் கொடுத்து, சாகும்வரை வைத்திருந்ததாக வரலாற்று நூல்கள் சொல்கின்றன.

உள்சண்டையில் எழுந்த அரசு எப்போதும் படையை நம்பித்தான் நிற்கும். ஹைதரிடம் ஆயிரத்துக்கு மேல் வாணக்காரர்கள் இருந்தார்கள். பின்னர் ஆண்ட மகன் திப்பு காலத்தில் குஷூன் என்ற ஒவ்வொரு படைப்பிரிவுக்கும் தனி வாண அணி இருந்தது. தூரத்துக்குத் தக்கபடி எந்தச் சாய்வில் ஏவுவது என்று ஆட்களுக்குப் பழக்கினார்கள். பலவற்றை ஒரே நேரத்தில் ஏவச் சக்கர வண்டிகளும் செய்தார்கள். 1780 செப்டம்பர் 10இல் காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் பொள்ளிலூரில் ஹைதரின் படையிடம் கர்னல் பெய்லியின் கிழக்கிந்தியக் கம்பெனிப் படை அழிந்தபோது அதன் வெடிமருந்து வண்டிகள் வெடித்துச் சிதறின. அந்தப் போரை ஸ்ரீரங்கப்பட்டணத்துத் தரியா தௌலத் மாளிகைச் சுவரோவியத்தில் இன்றும் பார்க்கலாம்.

கொங்குக்கு வாணம் வந்த வழி கஜலஹட்டிக் கணவாய். இன்று மைசூர் போகிறவர்கள் பண்ணாரியிலிருந்து திம்பத்தின் 27 கொண்டைஊசி வளைவுகளில் ஏறுகிறோம். பழைய பாதை அதற்கு மேற்கே, மோயாறு பள்ளத்தாக்கை ஒட்டி, இப்போது புலிகள் காப்பகமாக இருக்கும் காட்டுக்குள் இருக்கிறது. அதன் கீழ்வாசலைக் காத்த தணாயக்கன் கோட்டை பவானிசாகர் அணைக்குள் மூழ்கிக் கிடக்கிறது. நீர்மட்டம் நன்றாக இறங்கும் வருடங்களில் பழைய கோயிலின் கல்தூண்கள் தலைகாட்டும். 1790இல் கம்பெனியின் ஜெனரல் மெடோஸ் கோயம்புத்தூரைப் பிடித்து முகாமாக்கிக்கொண்டு இதே கணவாயில் ஏறி மைசூருக்குள் போகத் திட்டமிட்டார். அவர் ஏறுவதற்குள் அந்த செப்டம்பரில் திப்பு இறங்கிவிட்டார். பளுவான தளவாடங்களை மேலேயே நிறுத்திவிட்டு வந்த படை அது. முதுகுச்சுமையாக வரும் ஆயுதத்தின் அருமை இந்த மாதிரிச் சரிவில்தான் புரியும். செப்டம்பர் 13இல் சத்தியமங்கலத்தில் கர்னல் ஃபிளாய்டின் படை அடிவாங்கி, பீரங்கிகள் சிலவற்றை விட்டுவிட்டுக் கோயம்புத்தூர்ப் பக்கம் பின்வாங்கியது.

மறுவருடம் கோயம்புத்தூரே முற்றுகையில் மாட்டியது. லெப்டினன்ட் சால்மர்ஸ் என்ற இளம் அதிகாரி, கொஞ்சம் கம்பெனி ஆட்களையும் திருவிதாங்கூர் வீரர்களையும் வைத்துக்கொண்டு 1791 ஜூனிலிருந்து அந்தக் கோட்டையைக் காத்தார். ஆகஸ்ட் 11இல் ஏறிவந்த படையை மதிலிலிருந்து தள்ளினார்கள். அக்டோபரில் திப்புவின் தளபதி கமருதீன் கான் பெரும்படையோடு வந்தபின் தாக்குப்பிடிக்க முடியவில்லை. நவம்பர் தொடக்கத்தில் கோட்டை விழுந்தது. பாலக்காட்டுக்குப் போக விடுவதாகச் சொல்லிச் சரணடையச் செய்த ஆட்களை ஸ்ரீரங்கப்பட்டணத்துக்குச் சிறைகொண்டு போனார்கள். 1792 பிப்ரவரியில் கம்பெனியின் தலைமை ஆளுநர் கார்ன்வாலிஸ் ஸ்ரீரங்கப்பட்டணத்தை நெருக்கியபோது, சமாதானக் கடிதத்தைக் கொண்டுபோகத் திப்பு தேர்ந்தெடுத்தது இதே சால்மர்ஸைத்தான்.

1768, 1783, 1790, 1791, 1792, 1799. இத்தனை முறை கோயம்புத்தூர் கைமாறியது. ஒவ்வொரு முறையும் தானியம் போனது, மாடு போனது, வண்டி போனது. 1800இல் கம்பெனி அனுப்பிய ஃபிரான்சிஸ் புக்கானன் வந்து பார்த்தபோது ஊரில் சுமார் 2,000 வீடுகள்தான் மிச்சம். ஹைதர் காலத்தில் அதைவிட மிக அதிகம். கோட்டை இடிந்து, கோட்டைமேடு என்ற பெயர் மட்டும் நின்றது. வீரத்தைப் பாடும் நாம் இந்த வீட்டுக் கணக்கையும் சேர்த்தே பார்க்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

1799 ஏப்ரல் 5 இரவு, ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கு வெளியே சுல்தான்பேட்டைத் தோப்பில் வாணமும் துப்பாக்கியும் பொழிந்ததில் ஒரு ஆங்கிலப் படைப்பிரிவு இருட்டில் சிதறி ஓடியது. அதன் தலைவர் கர்னல் ஆர்தர் வெல்லெஸ்லி. பிற்காலத்தில் வாட்டர்லூவில் நெப்போலியனைத் தோற்கடித்த வெலிங்டன் பிரபு. வாணத்தின் மேல் அவருக்குக் கடைசிவரை நல்ல எண்ணமே இருந்ததில்லை. மே 4இல் கோட்டை விழுந்து திப்பு இறந்தார். வென்றவர்கள் எண்ணிப் பார்த்ததில் வாணம் ஏவும் கருவிகள் 600, ஏவத் தயாரான வாணங்கள் 700, மருந்து அடைக்காத வெற்றுக் குழல்கள் 9,000 கிடைத்தன.

மைசூர் விழுந்ததும் கொங்கில் போர் ஓய்ந்துவிடவில்லை. திப்புவின் பக்கம் கொங்கு இளைஞர்களோடு நின்றதாகச் சொல்லப்படும் தீரன் சின்னமலை, ஓடாநிலைக்குத் திரும்பிக் கோட்டை கட்டினார். விருப்பாட்சி கோபால் நாயக்கர் முதலான பாளையக்காரர்களும் வடக்கே தூந்தாஜி வாக்கும் சேர்ந்த கூட்டணி, 1800 ஜூன் 3இல் கோயம்புத்தூர்க் கோட்டையைத் தாக்கத் திட்டமிட்டுத் தோற்றது. பிடிபட்ட பலர் தூக்கில் போடப்பட்டார்கள். அந்த செப்டம்பரில் தூந்தாஜியை வீழ்த்தியது, தோப்பில் வாணத்துக்கு ஓடிய அதே வெல்லெஸ்லி. காவிரிக்கரை, ஓடாநிலை, அரச்சலூர் என்று போரிட்ட சின்னமலை 1805 ஜூலை 31இல் சங்ககிரிக் கோட்டையில் தூக்கிலிடப்பட்டார்.

அதே 1805இல், லண்டனுக்குப் பக்கத்தில் வுல்விச்சில் வில்லியம் காங்கிரீவ் என்பவர் தன் புது ஆயுதத்தை ஆட்சியாளர்களுக்கு ஏவிக் காட்டிக்கொண்டிருந்தார். மைசூரிலிருந்து போன வாணங்கள் வுல்விச்சுக்கு வந்திருந்தன. காங்கிரீவின் அப்பா அங்கே அரசு வெடிமருந்துக் கூடத்தின் மேலதிகாரி. ஆங்கிலேயருக்கு முன்பே இன்னொருவரும் வாணத்தைப் போருக்குத் தயாரித்தார்: டப்ளினில் பிரிட்டனை எதிர்த்த ராபர்ட் எம்மெட். 1803 ஜூலை 16இல் அவருடைய பேட்ரிக் தெருக் கிடங்கு வெடித்துவிட, அவசரமாக ஒரு வாரத்தில் கலகத்தைத் தொடங்கவேண்டி வந்தது. அது தோற்று, எம்மெட் தூக்கிலேறினார்.

காங்கிரீவின் பங்கைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். மருந்துக் கலவையை ஒரே சீராக்கினார், குழலின் அளவுகளை வரையறுத்தார், 15 அடிக் கழி கட்டி 3,000 கஜம் வரை விட்டார். இந்தியாவில் வாணத்தைப் போருக்குப் பயன்படுத்துவது தனக்குத் தெரியும் என்று 1807இல் அச்சில் ஒப்புக்கொண்டார். ஆனால் அவை சிறியவை, 1,000 கஜத்துக்கு மேல் போகாதவை என்று சொல்லி நகர்ந்துவிட்டார். உலகம் அதைக் காங்கிரீவ் ராக்கெட் என்றது. அந்தப் பெயரில் நியாயம் பாதிதான்.

1806இல் பிரான்சின் பூலோன் துறைமுகம், 1807இல் கோபன்ஹேகன், 1813இல் லைப்சிக். கோபன்ஹேகன் எரிந்தபின், வெடிக்காமல் கிடந்த வாணங்களை எடுத்துப் பிரித்துப் பார்த்து, டென்மார்க்கின் ஷூமாகர் என்ற அதிகாரி தன் நாட்டுக்குச் சொந்த வாணம் செய்தார். ஆஸ்திரியாவும் ரஷ்யாவும் வாணப்படை வைத்தன. 1814 செப்டம்பரில் அமெரிக்காவின் பால்டிமோர் துறைமுகத்தில் எரிபஸ் என்ற பிரிட்டிஷ் கப்பல் மெக்ஹென்றி கோட்டைமேல் இரவெல்லாம் ராக்கெட் விட்டது. அதைக் கண்ட வழக்கறிஞர் பிரான்சிஸ் ஸ்காட் கீ எழுதிய பாட்டில் அந்தச் சிவந்த வெளிச்சம் ஒரு வரியாக நுழைந்தது. 1931இல் அந்தப் பாட்டு அமெரிக்காவின் தேசிய கீதமானது. 1821இல் திமிங்கல வேட்டைக்கும் ராக்கெட் போனது. அதே காலத்தில் கரைதட்டிய கப்பலுக்குக் கயிறு எறிந்து மாலுமிகளைக் காப்பாற்றவும் அதைப் பழக்கினார்கள். அதன் வாழ்க்கையில் எனக்கு மிகப் பிடித்த வேலை இதுதான்.

வாணம் ஊர் திரும்பவும் செய்தது. 1816இல் வங்காளப் படையில் ஒரு ராக்கெட் அணி அமைந்தது. கற்றுக்கொடுத்த நாட்டின் மேலேயே, மறுவருடம் ஹத்ராஸ் கோட்டையிலும் பிறகு பரத்பூரிலும், அது பாய்ந்தது. 1844இல் வில்லியம் ஹேல் குழலையே சுழலவைத்துக் கழியை ஒழித்தார். அதற்குள் வரிப்பள்ளப் பீரங்கிகள் தேறிவர, ராக்கெட் மெல்ல மறைந்தது.

1963இல் பயிற்சிக்காக அமெரிக்கா போன ராமேசுவரத்து இளைஞர் ஒருவர், நாசாவின் வாலப்ஸ் தீவு மையத்தின் வரவேற்பறையில் ஓர் ஓவியத்தைப் பார்த்தார். ராக்கெட்டுகள் பறக்கும் போர்க்களம். ஏவுகிறவர்கள் கறுத்த தோல்காரர்கள். அது திப்புவின் படை. சொந்த நாடு மறந்ததை அடுத்த கண்டத்தில் மாட்டிவைத்திருக்கிறார்கள் என்று அப்துல் கலாம் பின்னாளில் பெருமையும் ஆதங்கமுமாக எழுதினார். அந்த வருடம் நவம்பர் 21இல் கேரளத்துத் தும்பாவிலிருந்து முதல் ராக்கெட் போனது. 2008 அக்டோபர் 22இல் சந்திரயான்-1ஐத் தூக்கிய ராக்கெட்டின் முதல் கட்டம், உருக்குக் குழலில் அடைத்த சுமார் 138 டன் திட எரிபொருள். இரும்புக் குழலில் இறுக்கிய மருந்து என்ற அதே யோசனைதான். அந்தச் சந்திரயானின் திட்ட இயக்குநர் மயில்சாமி அண்ணாதுரை, பொள்ளாச்சிக்குப் பக்கத்துக் கோதவாடிக்காரர். கோயம்புத்தூரில் பொறியியல் படித்தவர்.

2018இல் கர்நாடகத்தின் சிவமொக்கா மாவட்டத்தில் நகரா என்ற ஊரில், பழைய கிணறு ஒன்றைத் தூர்வாரியபோது துருப்பிடித்த இரும்பு வாணங்கள் ஆயிரத்துக்கு மேல் கிடைத்தன. போருக்காகச் சேர்த்துவைத்து, ஏவாமலே போனவை. அவை சிவமொக்கா அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. ஜோக் அருவி பார்க்கப் போகும் கோவைக்காரர்கள் அரைநாள் ஒதுக்கி அங்கேயும் போய்வாருங்கள். பிள்ளைகளைக் கட்டாயம் கூட்டிப்போங்கள்.